பத்தாவது முடித்த பெண்ணைக் கோடை இதழியல் பயிலரங்குக்கு அனுப்பலாமா?

உரக்கடை மன்னை | ஏப்ரல் 19, இரவு 9:50

எல்லோருக்கும் வணக்கம். வழக்கமாக இங்கே உர வரத்து, மேட்டூர் நீர்மட்டம் என்றுதான் எழுதுவேன். இன்று வீட்டு விஷயம்.

மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். திருவாரூரில் மே 1 முதல் 10 வரை பள்ளிப் பிள்ளைகளுக்கு இதழியல் பயிலரங்கு நடத்துகிறார்களாம். ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை, மொத்தம் 24 பேர். காலை ஒன்பதரை முதல் நான்கு மணி வரை. கட்டணம் 800 ரூபாய், மதியச் சாப்பாடு அதிலேயே அடக்கம். பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரும் கல்லூரி ஆசிரியர்கள் இரண்டு பேரும் நடத்துகிறார்கள். கடைசி நாளில் பிள்ளைகளே எட்டுப் பக்கத்தில் ஒரு பத்திரிகை கொண்டுவருவார்களாம்.

பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி என்று எதையும் விடமாட்டாள் இவள். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாளாக என்னையே சுற்றி வருகிறாள். வீட்டுக்காரம்மாவோ, பிளஸ் ஒன் பாடத்துக்கு இப்போதே டியூஷன் சேர்த்தால்தான் ஆச்சு என்கிறார். எனக்கு இரண்டு சந்தேகம். பத்து நாளில் உருப்படியாக என்ன கற்றுவிட முடியும்? பதினைந்து வயசுப் பெண்ணைச் செய்தி சேகரிக்க வெளியே அனுப்புவார்கள் என்றால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? மன்னார்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வர வேண்டும், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.


வெண்ணாற்றங்கரை | ஏப்ரல் 19, இரவு 10:31

அண்ணே, முதலில் ஒன்று விசாரியுங்கள். முடிவில் 'பிரஸ்' என்று போட்ட அடையாள அட்டை தருகிறார்களா? தருகிறோம் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

என் அக்கா மகன் இப்படித்தான் ஒன்றில் சேர்ந்தான், ஊர் வேண்டாம். ஐந்து நாள். நான்கு நாள் யார் யாரோ வந்து பேசினார்கள். ஐந்தாம் நாள் சால்வை, குரூப் போட்டோ, சான்றிதழ். கூடுதலாக 500 ரூபாய் கட்டினால் கழுத்தில் மாட்டும் அட்டை. பையன் அதை மாட்டிக்கொண்டு ஹெல்மெட் இல்லாமல் போய் போலீஸிடம் நீட்டியிருக்கிறான். அபராதத்தோடு அறிவுரையும் கிடைத்தது. ஐந்து நாளில் ஒரு செய்திகூட எழுத வைக்கவில்லை. இப்போது கேட்டாலும் வரவேற்புரை யார், நன்றியுரை யார் என்று வரிசையாகச் சொல்வான்.


குடந்தை நிருபர் | ஏப்ரல் 20, காலை 6:15

பதினேழு வருஷமாகப் பகுதிநேர நிருபர். எங்களை ஸ்டிரிங்கர் என்பார்கள். எங்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வந்த செய்திக்குக் காசு, பொங்கல், தீபாவளிக்கு விளம்பரம் பிடித்தால் கமிஷன், அவ்வளவுதான். ஆகவே வேலைக்காக அனுப்புகிறீர்கள் என்றால் வேண்டாம் என்பேன். நீங்கள் அதற்குக் கேட்கவில்லை என்பதால் மேலே எழுதுகிறேன்.

எனக்கு யாரும் பயிலரங்கு நடத்தவில்லை. நான் கற்றது எப்படி என்று சொன்னால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கலாம். சேர்ந்த மூன்றாம் மாதம், இரவு எட்டரைக்கு ஒரு விபத்துச் செய்தி. பைக்கும் நெல் லாரியும். இறந்தவரின் பெயர், வயது, ஊர் எல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் சொன்னார். ஒன்பது மணிக்குப் பக்கம் முடிகிறது. ஊர்ப் பெயரைப் போட்டேன், எந்த ஒன்றியம் என்று போடவில்லை. நம் பக்கம்தான் தெரியுமே, அந்தப் பெயரில் இரண்டு ஊர். இன்னொரு ஊரில் அதே பெயரில், ஏறக்குறைய அதே வயதில் ஒருவர் உயிரோடு இருந்தார். காலை ஆறு மணிக்கெல்லாம் அவர் வீட்டுக்கு மாலையோடு சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவருடைய மாமியாருக்குப் படபடப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

மறுநாள் நானே அவர் வீட்டுக்குப் போனேன். மனிதர் திட்டவில்லை. திண்ணையில் உட்காரச் சொல்லி, 'தம்பி, ஒரு போன் பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்குமே' என்றார். அன்றிலிருந்து ஊர்ப் பெயரை எழுதும்போது ஒன்றியத்தைச் சேர்க்காமல் என் கை நகர்வதில்லை.

இந்த ஒரு பழக்கத்தைப் பதினைந்து வயசில், யார் வீட்டு வாசலுக்கும் மாலை வராமல் கற்றுக்கொள்ள முடியும் என்றால் 800 ரூபாய் கொள்ளை மலிவு. நீங்கள் அவர்களிடம் கேட்க வேண்டியது, பிள்ளைகள் எழுதியதை யாராவது உட்கார்ந்து திருத்துகிறார்களா என்பதுதான். 24 பிள்ளைக்கு மூன்று பேர் என்கிறீர்கள், அது நடக்கக்கூடிய கணக்கு. சொற்பொழிவு எத்தனை மணி நேரம், நோட்டும் கையுமாக வெளியே எத்தனை மணி நேரம் என்றும் கேளுங்கள்.


ஓய்வில் ஒரு தமிழாசிரியர் | ஏப்ரல் 20, காலை 11:04

அவசியம் அனுப்புங்கள். முப்பத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்கிற முறையில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறேன். உங்கள் பெண் கட்டுரைப் போட்டி எதையும் விடமாட்டாள் என்றீர்களே, அவள் கட்டுரை எப்படித் தொடங்கும் என்று பார்க்காமலே சொல்வேன். 'காவிரித்தாய் தவழ்ந்து விளையாடும் சோழ வளநாட்டில்' என்று தொடங்கும். கற்றுக்கொடுத்தது நாங்கள்தான். அவள் வீட்டு வாசலில் ஓடும் பாமணி ஆற்றில் ஏப்ரல் மாதம் தவழ்வது எருமையும் பிளாஸ்டிக்கும் என்று எழுதினால் ஐந்து மதிப்பெண் குறைத்திருப்போம்.

பத்திரிகைத் தொழில் ஏதோ சென்னைச் சரக்கு என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1855இல் பிறந்தது திருவையாறு. பள்ளி ஆசிரியர். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு முதன்முதலாக ஓர் இந்தியரை, நம் தஞ்சை மாவட்டத்துக்காரரான முத்துசாமி ஐயரை, நீதிபதியாகப் போட்டதை வெள்ளைக்காரப் பத்திரிகைகள் இகழ்ந்து எழுதின. பதில் சொல்ல நமக்கு ஒரு பத்திரிகை இல்லையே என்று இவரும் இன்னும் ஐந்து இளைஞர்களும் சேர்ந்து 1878இல் 'தி இந்து'வைத் தொடங்கினார்கள். இரண்டு பேர் வாத்தியார்கள், நான்கு பேர் சட்டம் படித்த மாணவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அடித்தார்களாம். நான்கு வருஷம் கழித்து இவரே தமிழில் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். 1904இல் பாரதிக்கு அங்கே வேலை கொடுத்தவரும் இவர்தான். விதவை மறுமணம் வேண்டும் என்று எழுதியதோடு நிற்காமல், சிறு வயதில் கணவனை இழந்த தன் மகளுக்கே 1889இல் மறுமணம் செய்து வைத்தார். இன்னும் சொல்லலாம். கல்கி பிறந்தது மாயவரம் பக்கம் புத்தமங்கலம், விகடன் வாசன் திருத்துறைப்பூண்டி.

சரி, எங்கேயோ போய்விட்டேன். பெண்ணை அனுப்புங்கள். அடைமொழி இல்லாமல் ஒரு பத்தி எழுதிவிட்டு வந்தால் எனக்கு ஒரு பிரதி கொடுங்கள்.


நாகை அம்மா | ஏப்ரல் 20, மதியம் 3:20

எல்லோரும் அனுப்பு அனுப்பு என்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

நான் கீச்சாங்குப்பத்துப் பெண். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பதினோரு வயசு. எங்கள் வீட்டில் யார் யார் போனார்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. நான்காவது நாள், முகாமில் இருந்த என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். நான் அழவில்லை. அழுது முடித்திருந்தேன். கேமரா வைத்திருந்தவர், 'பாப்பா, கொஞ்சம் கடலைப் பாத்து நில்லு, அம்மாவ நெனச்சுக்க' என்றார். நினைத்துக்கொண்டேன். படம் நன்றாக வந்ததாகச் சொல்லி பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்.

அவர் கெட்டவர் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்படிச் செய்யக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆகவே அண்ணன் கேட்க வேண்டியதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: துக்கத்தில் இருப்பவர்களிடம் எப்படிப் பேசுவது, எப்போது நோட்டை மூடிவிட்டு வருவது என்று அந்தப் பயிலரங்கில் யாராவது சொல்லித் தருவார்களா? உங்கள் பெண்ணின் பாதுகாப்புக்கு ஜோடியாக அனுப்புகிறார்களா, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பாரா என்று கேட்டால் போதும். அவளிடம் மாட்டிக்கொள்கிறவர்களின் பாதுகாப்பையும் யாராவது யோசிக்க வேண்டும் அல்லவா.


குடந்தை நிருபர் | ஏப்ரல் 20, மாலை 6:48

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சற்று நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

சட்டத்தில் இருப்பதைச் சொல்கிறேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் போடக்கூடாது. 2015இன் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவும் வழக்கில் தொடர்புடைய குழந்தைகளுக்கு அதையே சொல்கிறது. பெயரை மட்டும் மறைத்துவிட்டுத் தெருப்பெயரைப் போட்டுவிடுவோம். சின்ன ஊரில் தெருப்பெயர் போதும், எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனால் நீங்கள் சொல்கிற கடற்கரை எந்தப் பிரிவிலும் வராது. அது எதிரில் உட்கார்ந்து ஒருவர் சொல்லித் தந்துதான் வர வேண்டும். எனக்கே தாமதமாகத்தான் வந்தது.


கடைமடை மாணவி | ஏப்ரல் 21, இரவு 8:02

நான் பிளஸ் ஒன் லீவில் இதே மாதிரி ஒரு பயிலரங்குக்குப் போனவள். இப்போது வேளாண்மை படிக்கிறேன். பத்து நாளில் என்ன கற்க முடியும் என்று அங்கிள் கேட்டதால் ஒரே ஒரு வாய்க்கால் கதை.

கோடையில் ஆறு, வாய்க்கால்களைத் தூர்வாருவார்கள் இல்லையா? வேலை நடக்கும் இடத்தில் பலகை வைப்பார்கள். பணியின் பெயர், மதிப்பீடு, நீளம் எல்லாம் இருக்கும். எங்கள் ஊர்ப் பக்கத்து வாய்க்கால் பலகையில் 2.40 கிலோமீட்டர் என்று இருந்தது. அவ்வளவு தூரம் வெட்டியிருக்கிறார்களா என்று நானும் என் ஜோடிப் பெண்ணும் பார்க்கப் போனோம். அளக்க டேப் இல்லை. சைக்கிள் சக்கரத்தைச் சுற்றி நூல் பிடித்தோம், ஒரு சுற்று 2 மீட்டர் 8 சென்டிமீட்டர். கம்பியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு, அவள் உருட்ட நான் எண்ணிக்கொண்டே கரையில் நடந்தேன். நூறு சுற்றுக்கு ஒரு கோடு நோட்டில். நடுவில் நாய் துரத்தி இரண்டு தடவை முதலிலிருந்து எண்ணினோம். 762ஆவது சுற்றில் வெட்டின மண் முடிந்து கோரையும் ஆகாயத்தாமரையும் ஆரம்பித்தது. கிட்டத்தட்ட 1.6 கிலோமீட்டர்.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. '800 மீட்டர் எங்கே?' என்று தலைப்பே போட்டுவிட்டோம். திருத்திய சார் பூராவும் படித்துவிட்டு, பலகையின் படத்தைக் காட்டு என்றார். கீழே கொஞ்சம் புல் மறைத்திருந்தது. 'கடைசி வரியில என்ன இருக்கு?' என்றார். தெரியவில்லை. மறுபடி ஒன்பது கிலோமீட்டர் சைக்கிள். புல்லை விலக்கிப் பார்த்தால், பணி முடிக்க வேண்டிய நாள் மே 31. அன்று தேதி 18.

தலைப்பு செத்துவிட்டது. அப்புறம் உதவிப் பொறியாளருக்கு போன் செய்து கேட்டோம். இயந்திரம் பக்கத்து வாய்க்காலுக்குப் போயிருக்கிறது, திரும்பி வரும் என்றார். அதை அப்படியே எழுதினோம். 'இதுவரை 1.6 கிலோமீட்டர் முடிந்துள்ளது' என்று சப்பென்று ஒரு செய்தி. ஆறாம் பக்கத்தில் வந்தது.

இதற்கு மேல் சொல்வது பயிலரங்கில் இல்லாதது. மேட்டூர் ஜூன் 12 திறக்கப்போகிறார்கள் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. ஜூன் 10 அன்று தனியாகச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனேன். இன்னும் 500 மீட்டர் வெட்டியிருந்தார்கள். மிச்சம் 300 மீட்டர் அப்படியே கோரை. பலகையைக் காணோம். இப்போதுதான் உண்மையில் செய்தி இருக்கிறது, ஆனால் போட எங்களிடம் பத்திரிகை இல்லை. பயிலரங்கு முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். நடத்துகிறவர்களிடம் இதைக் கேட்டுப்பாருங்கள் அங்கிள், பதினோராம் நாள் என்ன?


நீட் அப்பா | ஏப்ரல் 21, இரவு 8:40

இத்தனை பேர் இவ்வளவு எழுதியும் பிளஸ் ஒன் இயற்பியலுக்கு யார் பதில் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டுக்காரம்மா சொல்வதுதான் சரி.


வெண்ணாற்றங்கரை | ஏப்ரல் 21, இரவு 8:44

இயற்பியல் பத்து நாள் பொறுத்துக்கொள்ளும் சார். 762 சுற்று இன்டு 2.08 மீட்டர், அதுவும் கணக்குதானே.


உரக்கடை மன்னை | மே 2, இரவு 9:15

சேர்த்துவிட்டேன். நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டேன். அடையாள அட்டை கிடையாதாம். வெளியே ஜோடியாகத்தான், கூட ஓர் ஆசிரியர் உண்டு. பதினோராம் நாள் கேள்விக்கு மட்டும் அந்த ஓய்வுபெற்ற ஐயா சிரித்துவிட்டு, 'அதுக்கு எங்களுக்கும் இன்னும் வழி தெரியல' என்றார். அந்தப் பதில்தான் எனக்குப் பிடித்தது.

மே 1 கிராம சபை நாள் அல்லவா, முதல் நாளே பிள்ளைகளை ஒரு ஊராட்சிக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அந்தந்த ஊர் வாக்காளர் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாமாம், இத்தனை வருஷத்தில் நான் எங்கள் ஊர்க் கூட்டத்துக்கே போனதில்லை. மகள் எழுதிக்கொண்டு வந்த முதல் வரி: 'கிராம சபைக் கூட்டத்தில் ஏராளமானோர் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்.' ஐயா 'ஏராளமானோர்' என்பதைச் சுழித்து, எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார். 'ஆர்வத்துடன்' என்பதைச் சுழித்து, உனக்கு எப்படித் தெரியும் என்றிருக்கிறார். நல்லவேளை, பக்கத்தில் இருந்த பையன் எண்ணியிருக்கிறான். பதினொன்று பத்துக்கு 61 பேர், வரவு செலவு வாசிக்கும்போது 38. அந்த இரண்டு எண்ணையும் போட்டதும் மிச்சத்தைச் செய்தியே சொல்லிவிட்டது என்கிறாள்.

கரும்பலகையில் தடை செய்த வார்த்தைகள் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்களாம். ஏராளமானோர், பரபரப்பு ஏற்பட்டது, பெரும் சோகத்தை ஏற்படுத்தியுள்ளது, என்பது குறிப்பிடத்தக்கது. வீட்டில் எதையாவது சொல்லிவிட்டு 'என்பது குறிப்பிடத்தக்கது' என்று முடித்துத் தானே சிரித்துக்கொள்கிறாள். அம்மாவுக்கு எரிச்சல்.


குடந்தை நிருபர் | மே 2, இரவு 9:40

'பரபரப்பு' இல்லாமல் எங்கள் மாவட்டப் பக்கத்தை நிரப்ப அந்த ஐயாவை ஒரு நாள் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். நான் லீவு எடுத்துக்கொள்கிறேன்.


உரக்கடை மன்னை | மே 6, இரவு 10:55

இப்போது ஒரு சிக்கல். யாரிடமும் சொல்ல முடியாமல் இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஜோடியும் ஒரு செய்தி எடுக்க வேண்டும். என் மகள் எழுந்து, 'யூரியா வாங்க வருகிறவர்களிடம் வேறு சரக்கையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள், அதை எழுதலாம்' என்று சொல்லியிருக்கிறாள். ஐயா வழக்கம்போல, உனக்கு எப்படித் தெரியும் என்றிருக்கிறார். 'ஞாயிற்றுக்கிழமை எங்கப்பா கடையில நான்தான் சார் பில் எழுதுறேன்.'

வகுப்பே அமைதியாகிவிட்டதாம். அப்புறம் ஐயா, இது நல்ல செய்தி, ஆனால் நீ எழுதக்கூடாது என்று சொல்லி, நீடாமங்கலத்துப் பிளஸ் டூ பையன் ஒருவனிடமும் இன்னொரு பெண்ணிடமும் கொடுத்துவிட்டார். இவளுக்குப் பருத்திப் பஞ்சு விலை. ராத்திரி சாப்பிடும்போது சொல்கிறாள், 'நாளைக்கோ மறுநாளோ கடைக்கு வருவாங்கப்பா. என்ன கேப்பாங்கன்னு நீங்க என்கிட்ட கேக்கக் கூடாது, நானும் சொல்லக் கூடாது.' சாம்பார் ஊற்றிக்கொண்டே சொல்கிறாள்.

நான் என்ன செய்ய? கடையைப் பூட்டிக்கொண்டு போய்விடவா?


குறுவைக்காரன் | மே 6, இரவு 11:10

பூட்டாதீர்கள் அண்ணே. எனக்குப் பயிலரங்கு பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் இதைப் பற்றித் தெரியும். 45 கிலோ யூரியா மூட்டையில் 266 ரூபாய் 50 காசு என்று அச்சடித்திருக்கிறது. போன குறுவைக்கு 300 கொடுத்தேன், உங்களிடம் இல்லை, வேறு கடையில். கூடவே நானோ யூரியா என்கிற திரவ உரப் பாட்டிலும் ஒரு சத்துப் பொட்டலமும். வேண்டாம் என்றால் யூரியா ஸ்டாக் இல்லை. உள்ளே அடுக்கி வைத்திருப்பது வாசலில் நிற்கும்போதே தெரிகிறது. மேலுரம் போட வேண்டிய நாளில் சண்டை போட்டுக்கொண்டு நிற்க முடியுமா? பாட்டில் இன்னும் மாட்டுக்கொட்டகைச் சுவரில்தான் இருக்கிறது.


உரக்கடை மன்னை | மே 6, இரவு 11:38

தம்பி சொல்வதை மறுக்கவில்லை. இணைப்பொருள் கட்டினால் உரிமம் ரத்து என்று வேளாண்மைத் துறை வருஷா வருஷம் எச்சரிக்கை விடுகிறது, உரக் கட்டுப்பாட்டு ஆணையும் எனக்குத் தெரியும். ஆனால் மொத்த வியாபாரி எனக்கு லோடு ஏற்றும்போதே பாட்டில் பெட்டியையும் சேர்த்து ஏற்றிவிடுகிறார். வேண்டாம் என்றால் அடுத்த லோடு யூரியா எனக்கு வராது. அவருக்கு மேலே ஒருவர் அதையே செய்கிறார். இறக்குக் கூலி, வண்டி வாடகை எல்லாம் நான்தான் கொடுக்கிறேன். இதையெல்லாம் பதினேழு வயசுப் பையனிடம் நான் விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமா?


குடந்தை நிருபர் | மே 7, காலை 5:50

ஆமாம், விளக்குங்கள். இப்போது எழுதினீர்களே, அதையே சொல்லுங்கள். எங்கள் பக்கங்களில் 'உரத் தட்டுப்பாடு, விவசாயிகள் அவதி' என்பதற்கு மேல் எதுவும் வந்ததில்லை, ஏனென்றால் கடைக்காரர்கள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அப்புறம், உங்கள் பெண்ணிடமிருந்து அந்தச் செய்தியை வாங்கி வேறு கையில் கொடுத்தாரே, அது பெரிய விஷயம். சொந்தக்கார ஒப்பந்ததாரர், சாதிச் சங்கத் தலைவர், விளம்பரம் தருகிற ஜவுளிக்கடை என்று நாங்கள் விழுங்கின செய்திகளைப் போட்டால் தனிப் பத்திரிகை நடத்தலாம்.


உரக்கடை மன்னை | மே 12, இரவு 9:30

வந்தார்கள். 8ஆம் தேதி காலை பதினொன்றரை, கடையில் ஆறேழு பேர் நிற்கிற நேரம். வணக்கம் சொல்லி, இன்ன பயிலரங்கிலிருந்து வருகிறோம், நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டான் பையன். பேசத் தொடங்கும் முன் அந்தப் பெண் நேராக, எவ்வளவு உரம் இருக்கிறது என்று எழுதி வைக்கிற இருப்புப் பலகையிடம் போய்விட்டது. திங்கட்கிழமைக்கு அப்புறம் நான் அதை மாற்றவில்லை. படம் எடுத்துக்கொண்டது. என் மகள் ஞாயிறு தவறாமல் மாற்றுவாள். இந்த வாரம் பருத்தி விலைக்குப் போய்விட்டாள்.

கேட்டதற்கெல்லாம் சொன்னேன். லோடு விஷயம், வாடகை, உரம் விற்கும்போது கைரேகை பதிகிற பிஓஎஸ் மெஷினில் ரேகை விழாமல் கிழவிகளைத் திருப்பி அனுப்புகிற விஷயம் எல்லாம். பாட்டில் கட்டாயமா என்றான். கட்டாயம் இல்லை என்றேன். எல்லோருக்கும் கட்டுவீர்களா என்றான். வாய் சும்மா இருக்காமல், 'தெரிஞ்சவங்களுக்குக் கட்ட மாட்டேன் தம்பி' என்று சொல்லிவிட்டேன். நின்றிருந்தவர்களில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையில் இருவரும் பாட்டிலோடு நின்றிருந்தார்கள்.

அன்று மாலை போன் செய்தான். நான் சொன்னதாக எழுதியிருப்பதை வாசித்துக்காட்டினான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த ஒரு வரியை எடுத்துவிடு என்றேன். 'சார், நீங்க பாக்கப் பாக்கத்தான் எழுதினேன். எடுக்க முடியாது. வேற ஏதாவது சேக்கணும்னா சொல்லுங்க, அதையும் போடுறேன்' என்றான். கோபம் வந்தது. போனை வைத்துவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து நானே கூப்பிட்டு, மொத்த வியாபாரியின் பில் இருக்கிறது, அதில் பாட்டிலும் ஏறியிருக்கிறது, வந்து பார்த்துக்கொள் என்றேன். மறுநாள் நீடாமங்கலத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனான். வியாபாரியிடமும் போனில் கேட்டிருக்கிறான், அவர் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார் என்று அதையும் எழுதியிருக்கிறான்.

10ஆம் தேதி பத்திரிகை வந்தது. ஐந்தாம் பக்கம். 'மன்னார்குடி உரக்கடை உரிமையாளர் ஒருவர்' என்று இருக்கிறது. கடைத்தெரு முழுக்க அது யார் என்று தெரியும். தெரிந்தவங்க வரியும் இருக்கிறது, பில்லும் இருக்கிறது. பக்கத்திலேயே என் மகளின் பருத்தி விலை. அதில் ஒரு அடைமொழிகூட இல்லை, ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டுக்காரம்மா ஐந்தாம் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் ஒன்றும் பேசவில்லை. டியூஷன் திங்கட்கிழமை தொடங்குகிறது.


நாகை அம்மா | மே 12, இரவு 10:05

வாசித்துக்காட்டினானா. யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.


கடைமடை மாணவி | மே 12, இரவு 10:20

அங்கிள், அந்த நீடாமங்கலத்துப் பையனிடம் என் வாய்க்கால் நோட்டைக் கொடுக்க முடியுமா? இந்த வருஷமும் அங்கே பலகை வைத்திருக்கிறார்கள்.


குறுவைக்காரன் | மே 14, காலை 10:12

அண்ணே கடையிலிருந்துதான் எழுதுகிறேன். அவரை இன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன், நான் யார் என்று அவருக்கு இன்னும் தெரியாது. பலகையில் இன்றைய தேதி போட்டு இருப்பு எழுதியிருக்கிறது. யூரியா இரண்டு மூட்டை கேட்டேன், பாட்டில் வேண்டாம் என்றேன், சரி என்றார். 533 ரூபாய் கொடுத்தேன். இறக்குக் கூலி தனியாகக் கேட்டார். அதையும் பில்லில் எழுதிக் கொடுங்கள் என்றேன். பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்.